கடற்சாமந்தியும் கண்ணாடித் தொட்டியும் – பேணலிலிருந்து மருந்து வரை

கடலின் ஒரு சிறு பகுதியைக் கண்ணாடிக்குள் அடக்கி வீட்டுக் கூடத்தில் வைத்துக் காண வேண்டும் என்னும் ஆசை தோன்றி இன்னும் இருநூறு ஆண்டுகள் நிறையவில்லை. அவ்வாசை முதன்முதலில் பற்றிக்கொண்ட உயிர்களுள் கடற்சாமந்தி தலையாயது. கடல் மீன்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அது கண்ணாடிக் கலத்தில் குடியேறிவிட்டது.

இன்று வீட்டுத் தொட்டியில் வாழும் கடற்சாமந்தி நோயுற்றால், அதனை வளர்ப்போருள் பலர் மனிதருக்கென ஆக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நீரில் கரைத்து அதனைக் காக்க முயல்கின்றனர். ஆன்டிபயாட்டிக் என்று மக்கள் வழக்கில் கூறப்படும் அம்மருந்து, எலும்பும் இரத்தமும் மூளையும் இல்லாத ஓர் உயிருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? அது வருமுன் அவ்வுயிரை வளர்த்தவர்கள் எதனைக் கொண்டு காத்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவது பயனுள்ள வரலாற்றுப் பாடமாகும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதில் வள்ளுவர், மருத்துவமானது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கு கூறுகளை உடையது என வகுத்துக் காட்டினார். கடற்சாமந்தியின் வரலாற்றை இந்நான்கினையும் கொண்டு அளந்து பார்க்கலாம். அங்கே நோயாளி முதலில் வந்தது. பேணுபவர் உடன் வந்தார். மருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காலந்தாழ்த்தி வந்தது. நோய் தீர்ப்பவரோ இன்னும் வந்துகொண்டேயிருக்கிறார்.

பூவோ, விலங்கோ?

பெயர் பூவின் பெயராயினும் கடற்சாமந்தி விலங்கினமே. பவளத்துக்கும் சொறிமீனுக்கும் அது நெருங்கிய உறவு. பாறையைப் பற்றிக்கொள்ளும் அடிப்பாதம், உருளை போன்ற உடல், நடுவே ஒரு வாய், வாயைச் சுற்றி இதழ்கள்போல் விரியும் உணர்கொம்புகள் ஆகிய இவையே அதன் உறுப்புகள். உணவு புகுவதும் கழிவு வெளியேறுவதும் அந்த ஒரே வாயின் வழியாகத்தான். கொம்புகளில் நச்சுக் கொட்டும் நுண்ணிய உயிரணுக்கள் உண்டு. சிறு மீனும் இறாலும் அவற்றில் பட்டு மயங்கி இரையாகும்.

செடிக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர்களுள் ஒன்றாக இதனைப் பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். அக்கருத்து நெடுங்காலம் நிலவியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் வாழ்ந்த டிக்மார் என்னும் பாதிரியார் கடற்சாமந்திகளை வெட்டியும், வெப்பத்திலும் பலவகை நீரிலும் இட்டும் சோதித்தார். வெட்டுண்ட பகுதிகள் மீண்டும் வளர்ந்து முழுமை பெற்றதைக் கண்டார். அவருடைய ஆய்வுரை 1773இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. வெட்டினும் மாளாத உயிர் என்னும் வியப்பு அன்று பரவியது. ஆனால், கத்திக்குத் தப்பிய அதே உயிர் கெட்ட நீருக்குத் தப்பாது என்பதை அடுத்த தலைமுறையினர் பட்டறிந்தே கற்க வேண்டியிருந்தது.

கண்ணாடிக்குள் புகுந்த கடல்

1846ஆம் ஆண்டில் ஆன்னா தின் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊருக்குச் சென்றிருந்தார். அங்குக் கண்ட சிறு பவள உயிர்களில் அவர் மனம் பறிகொடுத்தார். அவற்றை ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சில் தைத்து, கற்சாடியில் கடல்நீர் நிரப்பி, இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலோ தொலைவில் இருந்தது. நாள்தோறும் புதுநீர் கொணர இயலாது. ஆகவே, இருந்த நீரையே திறந்த சன்னலின் எதிரே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாள்தோறும் அரைமணி நேரத்திற்கு மேல் இவ்வேலை நடந்தது. வேலை செய்தவர் வீட்டுப் பணிப்பெண். காற்று நீரில் கலந்தது, உயிர்கள் பிழைத்தன. மறு ஆண்டில் கடற்பாசியையும் அக்கலங்களில் இட்டு, பாசியும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கி வாழக் கண்டார். இன்று மின்விசையால் இயங்கும் காற்றுக்குழாய் செய்யும் தொண்டை அன்று பெயர் அறியப்படாத ஒரு பணிப்பெண்ணின் கைகள் செய்தன.

வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன், மீன், நத்தை, நீர்ச்செடி ஆகியவற்றை ஒரே தொட்டியில் வைத்து, அவை ஒன்றன் கழிவை ஒன்று பயன்கொண்டு நிலைத்திருப்பதை 1850இல் எடுத்துரைத்தார். பின்னர் அம்முறையைக் கடல்நீருக்கும் விரிவாக்கினார். கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845இல் பிரிட்டனில் நீக்கப்பட்டிருந்தமையால் கண்ணாடித் தொட்டி நடுத்தரக் குடும்பத்தாரின் கைக்கும் எட்டியது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீனகம் ஒன்று திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்குவேரியம்’ என்னும் நூல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. கடற்கரைக்குச் செல்ல இயலாதோர்க்காகச் செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் காஸ் வெளியிட்டார். பிரிட்டனின் கடற்சாமந்திகள் அனைத்தையும் வண்ணப் படங்களுடன் விளக்கும் பெருநூல் ஒன்றையும் 1860இல் நிறைவு செய்தார்.

நூலைப் படித்தோர் வாளியும் உளியும் ஏந்திக் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைக் குழிகளில் காலங்காலமாக வாழ்ந்த கடற்சாமந்திகள் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவற்றுட் பல வீட்டுத் தொட்டிகளில் அழுகி மாண்டன. தந்தையின் நூல்கள் தூண்டிய ஆர்வமே அழகிய கரைகளை வறுமையாக்கிற்று என்பதையும், அது தந்தையின் நெஞ்சை வருத்தியது என்பதையும் காஸின் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் துயரத்தோடு பதிவு செய்துள்ளார். அறிவைப் பரப்பும் நூலும் பொறுப்பைக் கற்பிக்கத் தவறினால் தீங்காக முடியும் என்பதற்கு இஃதொரு சான்று.

எடின்பரோவின் பாட்டி

இவ்வேட்டைக்கெல்லாம் முன்பே, 1828ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரையில் சர் ஜான் டேலியெல் என்னும் இயற்கை நூலறிஞர் ஒரு சிவப்புக் கடற்சாமந்தியை எடுத்தார். அப்பொழுது அதற்கு ஏழு வயது இருக்கலாம் என அவர் மதிப்பிட்டார். எடின்பரோ நகரில் ஒரு சிறு கண்ணாடிச் சாடியே அதற்கு வீடாயிற்று. 1851இல் டேலியெல் மறைந்தார். சாடி, பேராசிரியர் ஜான் பிளெமிங்கின் கைக்கு மாறியது. 1857இல் அவரும் மறைந்தார். பின்னர்க் கடற்படை மருத்துவராய் இருந்த மெக்பெய்ன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனைக் காத்தார். 1879இல் அவர் மறைய, அரச தாவரத் தோட்டத்துக் காப்பாளர் ஜான் சாட்லர் ஏற்றார். 1882இல் அவரும் மறைய, இராபர்ட் லின்ட்சே அப்பணியைத் தொடர்ந்தார். காத்தவர் நால்வர் மாண்டனர். காக்கப்பட்ட உயிர் வாழ்ந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்ற அதனை மக்கள் ‘பாட்டி’ என்றே அன்போடு அழைத்தனர். 1887 ஆகஸ்டில் பாட்டி இறந்தபோது அதன் சிறைவாழ்வு 59 ஆண்டுகளை எட்டியிருந்தது.

பாட்டிக்கு எவ்வித மருந்தும் அளிக்கப்படவில்லை. அளிப்பதற்கு அன்று மருந்தே இல்லை. இருவாரத்துக்கு ஒருமுறை பாதிக் கடற்சிப்பியின் சதை உணவாயிற்று. நீர் தவறாமல் மாற்றப்பட்டது. அவ்வளவே. வள்ளுவர் கூறிய நான்கனுள் அருகிருந்து பேணுதல் என்னும் ஒன்று மட்டுமே ஐந்து மனிதர் கைமாறி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓர் உயிரை நிறுத்தி வைத்தது.

எனினும், பாட்டியின் கதையை வைத்துக்கொண்டு எல்லாக் கடற்சாமந்திகளும் எளிதில் வாழும் என முடிவு கட்டுதல் பிழையாகும். பாட்டி குளிர்கடலின் அலைமோதும் கரையில் பிறந்த இனம். நீர் வற்றினும் வெயில் காயினும் தாங்கும் உடல் அதற்கு உண்டு. மலேசிய, சிங்கப்பூர்க் கடல்கள் உள்ளிட்ட வெப்பக் கடல்களின் பவளத் திட்டுகளில் வாழும் பெருங்கடற்சாமந்திகளின் நிலை வேறு.

வெப்பக் கடலின் விருந்தினர்

1860களில் சீனக் கடலில் பயணம் செய்த கத்பர்ட் காலிங்வுட் என்னும் ஆங்கில அறிஞர், பெருங்கடற்சாமந்திகளையும் அவற்றின் கொம்புகளுக்கிடையே அச்சமின்றி வாழும் சிறு மீன்களையும் கண்டு 1868இல் எழுதினார். இன்று குழந்தைகளும் அறிந்த கோமாளி மீனின் கூட்டுவாழ்வு இவ்வாறுதான் அறிவுலகுக்கு அறிமுகமாயிற்று. மீன் கடற்சாமந்தியைக் கடிக்க வரும் பகைமீன்களை விரட்டுகிறது. கடற்சாமந்தி மீனுக்கு அரணாகிறது.

இதனினும் நுட்பமான மற்றொரு கூட்டும் உண்டு. வெப்பக் கடற்சாமந்தியின் உடலணுக்களுக்குள் மஞ்சள்நிற நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியால் உணவு ஆக்கி அதில் பெரும்பங்கைத் தம்மைத் தாங்கும் விலங்குக்கு அளிக்கின்றன. இம்மஞ்சள் அணுக்கள் தனி உயிர்களே என்பதை 1881இல் ஜெர்மானியர் கார்ல் பிராண்ட் விளக்கிப் பெயரிட்டார். 1882இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடஸ், அத்தகைய பாசிகளையுடைய கடற்சாமந்தியை வெயிலில் வைத்து, அது உயிர்க்காற்றை வெளியிடுவதைக் காட்டினார். அதே கெடஸ் பின்னாளில் நகரமைப்பு அறிஞராய்த் தமிழகம் வந்து, 1915ஆம் ஆண்டளவில் மதுரை முதலிய ஊர்களின் அமைப்பை ஆராய்ந்து அறிக்கை அளித்தார் என்பது தமிழர் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஒளி குன்றினாலோ நீரின் சூடு மிகுந்தாலோ கடற்சாமந்தி அப்பாசிகளை இழந்து வெளுத்துப்போகும். வெளுத்தது உடனே சாவதில்லை. ஆனால் பட்டினியால் மெலிகிறது. பிடித்து, பையிலிட்டு, வான்வழி அனுப்பப்படும் கடற்சாமந்தி பலமுறை வெளுத்த நிலையிலேயே கடைக்கு வந்து சேர்கிறது. வலுவிழந்த உடலில் நோய் எளிதில் குடிபுகுகிறது.

தொட்டிநீரைக் காப்பதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு. விலங்கின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை இரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890இல் பிரித்தெடுத்துக் காட்டினார். ஜக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், பவளத் திட்டிலிருந்து எடுத்த உயிர்ப்புள்ள பாறைகளையும் இயற்கைக் கடல்நீரையும் மெல்லிய காற்றோட்டத்தையும் கொண்டே கடற்சாமந்திகளும் பவளங்களும் வளரச் செய்தார். அவர் தம் முறையை 1961இல் அமெரிக்க இதழொன்றில் வெளியிட்டார். பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியாக்களே அங்குத் தூய்மைப் பணியாளர். ஆகவே, பாக்டீரியா என்றாலே பகை எனக் கருதுதல் தவறு. இவ்வுண்மை மருந்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

மருந்தின் வருகை

1928இல் இலண்டன் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அலெக்சாண்டர் பிளெமிங், பூஞ்சை ஒன்று பாக்டீரியாக்களை அழிப்பதைக் கண்டார். பாட்டியைக் காத்த ஜான் பிளெமிங்கைப் போலவே இவரும் ஸ்காட்லாந்து மண்ணில் பிறந்தவர். 1940இல் ஆக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அவர்தம் குழுவினரும் பெனிசிலினை மருந்தாக்கும் வழியைக் கண்டனர். 1945இல் மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும், பெனிசிலின் கடற்சாமந்திக்கு உரிய மருந்தாக அமையவில்லை. அதன் காரணம் அறியத்தக்கது. பாக்டீரியாக்கள் சாயமேற்கும் தன்மையால் இருவகைப்படும் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் 1884இல் கண்டறிந்தார். சாயத்தைப் பிடித்துக்கொள்வன ஒருவகை, விட்டுவிடுவன மறுவகை. பழைய பெனிசிலின் முதல்வகையின்மீதே பெரிதும் வலிமை காட்டும். கடலில் வாழ்வனவோ பெரும்பாலும் இரண்டாம் வகையின. அவற்றை வெல்ல வேறு மருந்து வேண்டியிருந்தது.

அம்மருந்தின் மூதாதை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மலேரியாக் காய்ச்சலுக்குரிய குளோரோகுயின் மருந்தைச் செய்யும்போது கிடைத்த துணைப்பொருள் ஒன்றை ஆராய்ந்த அமெரிக்க வேதியியலறிஞர்கள், 1962இல் நாலிடிக்சிக் அமிலம் என்னும் மருந்தை வெளிப்படுத்தினர். அதன் வழிவந்து, ஜெர்மானிய ஆய்வாளரால் ஆக்கப்பட்ட சிப்ரோபிளாக்சசின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாட்டி இறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. பாக்டீரியா பெருகுவதற்குத் தன் மரபுச் சரடை முறுக்கவும் அவிழ்க்கவும் வேண்டும். அவ்வேலையைச் செய்யும் நொதியை இம்மருந்து முடக்கிவிடுகிறது. வீட்டுத் தொட்டியாளர் பலர் இந்த நூற்றாண்டில் நோயுற்ற பெருங்கடற்சாமந்திகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது இம்மருந்தையே.

நோயை எவ்வாறு அறிவது? நலமுள்ள கடற்சாமந்தியும் கழிவை வெளியேற்றச் சிறிது நேரம் சுருங்கும், பின் விரியும். அது நோயன்று. நாள்தோறும் மீண்டும் மீண்டும் காற்றுப்போன பைபோலத் தளர்தல், வாய் மூடாது பிளந்திருத்தல், அடிப்பாதம் எதனையும் பற்றாமை ஆகியன சேர்ந்து காணப்படின் ஐயுறல் வேண்டும். முற்றிலும் அழுகிய கடற்சாமந்தி தொட்டியிலுள்ள மற்ற உயிர்களையும் நஞ்சூட்டிக் கொல்லக்கூடும்.

வழங்கிவரும் முறை இதுவாகும். நோயுற்றதனைப் பெருந்தொட்டியிலிருந்து எடுத்து, பாறையும் மணலும் இல்லாத தனித் தொட்டியில் இடுவர். சூட்டையும் உப்பளவையும் பெருந்தொட்டிக்கு ஒப்ப வைப்பர். ஏறத்தாழ 40 லிட்டர் நீருக்கு 250 மில்லிகிராம் சிப்ரோபிளாக்சசின் கரைப்பது தொட்டியாளரிடையே வழங்கும் அளவு. ஒளியில் அம்மருந்து சிதையும். ஆதலால் விளக்கணைத்த பின்னரே இடுவர். கடல்நீரிலுள்ள மக்னீசியமும் சுண்ணச் சத்தும் மருந்தின் வலிமையைக் குறைக்கும். எனவே, மறுநாள் நீரில் பெரும்பகுதியை மாற்றிப் புதிதாக மருந்திடுவர். இவ்வாறு ஒரு வாரமளவு தொடர்வர். பெருந்தொட்டியிலேயே மருந்தைக் கொட்டினால், முன்னர்க் கூறிய தூய்மைப் பணியாளராகிய நல்ல பாக்டீரியாக்களும் மடிய, அம்மோனியா பெருகி எல்லா உயிரும் அழியக்கூடும்.

கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இம்மருத்துவத்தின் ஒவ்வொரு நாளும் நீர் மாற்றலும் காவலிருத்தலுமாகவே கழிகிறது. ஆன்னா தின்னின் பணிப்பெண் செய்த வேலையும் பாட்டியைக் காத்த ஐவர் செய்த வேலையும் மருந்து வந்த பின்னும் நீங்கவில்லை. மேலும், நோயின் காரணம் விளக்கின் குறையோ நீரின் கேடோ ஆயின், எத்தனை மருந்திட்டும் பயனில்லை.

நோய் தீர்ப்பவர் யார்?

1945இல் நோபல் உரை ஆற்றிய அலெக்சாண்டர் பிளெமிங், மகிழ்ச்சியினிடையே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். எவரும் கடையில் மருந்து வாங்கும் காலம் வரலாம். அறியாதவர் குறைந்த அளவில் உட்கொண்டால், கிருமிகள் சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்றார். அவர் அஞ்சியவாறே நிகழ்ந்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

வீட்டுத் தொட்டியின் மருந்துநீர் கழிவுக்கால்வாயில் ஊற்றப்படும்போது அது அவ்வீட்டாரின் சொந்த விவகாரமாக நின்றுவிடுவதில்லை. கால்வாயில் வாழும் கிருமிகளும் மருந்தோடு போராடிப் பழகுகின்றன. ஒரு குழந்தையின் காய்ச்சலைத் தீர்க்க வேண்டிய மருந்து ஒருநாள் பயனற்றுப்போவதற்கு அச்சிறு வாளி நீரும் துணைபோகலாம். இது கருதியே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய மருந்துகள் மருத்துவரின் எழுத்தாணையின்றி விற்கப்படுவதைச் சட்டம் தடுக்கிறது. கால்நடை மருத்துவரை அணுகாமல் வேறிடத்தில் கிடைத்த மாத்திரையைக் கரைப்பவர், தம்மைத் தாமே மருத்துவராக்கிக்கொள்கிறார். வள்ளுவர் வகுத்த நான்கனுள் நோய் தீர்ப்பவர் என்னும் இடம் கடற்சாமந்திக்கு இன்னும் நிறைவாக நிரப்பப்படவில்லை என்று முன்னர்க் கூறியதன் பொருள் இதுவே. கடலுயிர் மருத்துவத்தில் தேர்ந்தோர் பெருகும்வரை, மருந்து இறுதிப் புகலாகவே இருத்தல் வேண்டும்.

வகுப்பறை மூலையில் தொட்டி வைத்திருக்கும் பள்ளிகள் பல. மாணாக்கர் அங்கே முதலில் கற்க வேண்டியது உயிர்களின் பெயர்ப்பட்டியலை விடவும் அவற்றைப் பேணும் முறையே. பாட்டியின் கண்ணாடிச் சாடி ஐந்து மனிதரின் கைகளில் மாறி மாறிச் சென்றது. ஒருவர் போனதும் அடுத்தவர் நீரை மாற்றினார். சிப்பியை நறுக்கி ஊட்டினார். கடலிலிருந்து ஓர் உயிரை எடுத்துவந்தவன் அதற்குப் பட்ட கடனை அவ்வாறே நாள்தோறும் செலுத்த வேண்டும்.